பதிவில் இல்லாத புகை

கணினி போன இடமெல்லாம் பின்னாலேயே போய்ச் சேர்ந்த ஓர் இனம் உண்டு, வாசகரே. பெயர்: பதிவு பார்ப்பவர். கணினிகள் தாம் செய்ததையும் தமக்கு நேர்ந்ததையும் மணி, நிமிடத்தோடு வரி வரியாக எழுதிவைக்கும். அதைப் படிப்பது இவர் வேலை. நல்ல வேலைதான். ஆனால் படித்துப் படித்து, எழுதப்படாத எதுவும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு இவர் வந்துவிடுவார்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கும் தினேஸ் இந்த இனத்தில் அப்பழுக்கற்றவர். கொழுந்து நிறுக்கும் இடம், அதை வாட்டும் மாடி, சூட்டில் உலர்த்தும் ட்ரையர் என மூன்று இடத்துக் கணினிப் பதிவுகளையும் ஒரே திரையில் நேரவரிசையாகக் கோத்து, காலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்து அதன் முன் அமர்வார். யாராவது வணக்கம் சொன்னால் தலையசைப்பார். திரையைப் பார்த்துத்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ட்ரையரில் இருபது வருடமாக வேலை செய்யும் ரெங்கம்மா ஓடிவந்தார்.

"தம்பி, ட்ரையர்ல கருகுற வாசம் வருது. கொஞ்சம் வந்து பாருங்க."

"ஒன்னும் பதிவாகலையே அக்கா."

"பொகையும் வருதுங்க!"

"சூடு ஏறுனாத்தான் பொகை வரும். சூடு ஏறுனா இங்க செவப்பு வரி விழும். விழல. போய் வேலையப் பாருங்க."

ரெங்கம்மா போய் வேலையைத்தான் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே கனன்றுகொண்டிருந்த தூளை வாரி வெளியே தள்ளி, மண்ணைப் போட்டு அணைத்தார். வலது கை வெந்துபோயிற்று. இருமிக்கொண்டே வந்து சேர்ந்த தினேஸ் கேட்டது ஒன்றே ஒன்று.

"யாரு மெசின நிப்பாட்டுனது?"

மதியம் அவருடைய அறிக்கை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரின் மேசைக்குப் போயிற்று. 'காரணமின்றி ட்ரையர் நிறுத்தம். ஊழியர் தவறு.' அப்படிப்பட்ட தவறுக்கு வேலையே போய்விடும். டீமேக்கர் ரெங்கம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"காரணம் இல்லாமலா நிப்பாட்டுனேன்?" என்று ரெங்கம்மா கட்டுப்போட்ட கையை நீட்டினார்.

டீமேக்கர் கையைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். பிறகு தினேஸைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னாலேயே நின்றுகொண்டார்.

ட்ரையர் கணினியின் கடிகாரம் சரியாக ஒரு நாள் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை அது அலறிய பதினான்கு சிவப்பு வரிகளும் நேரவரிசை பிசகாமல் திங்கட்கிழமைக்குள் போய் அமர்ந்திருந்தன.

டீமேக்கர் அறிக்கையைக் கிழித்துப் போட்டார். தினேஸும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்.

"அக்கா, நீங்க சொன்னது சரிதான். பதிவுல இருக்கு."

"ரொம்ப சந்தோசங்க" என்றார் ரெங்கம்மா.

சிரிக்கிறீர்கள். நேற்று நீங்கள் அனுப்பிய செய்திக்கு உங்கள் தங்கை பதில் போடவில்லை. அவர் வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரம், நீல நிறமான இரண்டு சரிக்குறிகள், ஃபேஸ்புக்கில் எரிந்த பச்சைப் புள்ளி மூன்றையும் கோத்துப் பார்த்து, அவருக்குத் திமிர் என்று கண்டுபிடித்தீர்களே. வெலிமடை ஆஸ்பத்திரியில் சுகமில்லாத பிள்ளையோடு இருந்தவருக்கு ஒரு போன் கோல் எடுத்துப் பேசினீர்களா?