முழுநேரம் என்றால் எவ்வளவு நேரம்?

தானாக உட்கார முடியாத குழந்தையை முழுநேரமும் பராமரிப்பவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வழங்க அரசு பெருங்கருணையுடன் தீர்மானித்தது. முழுநேரம் என்றால் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பிரிவு அதிகாரியின் பொறுப்பில் விட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

குட்டிம்மாவுக்குப் பத்து வயது. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு கிண்ணம் சாதம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். அவளுக்காகக் கடையில் பார்த்துவந்த தையல் வேலையை விட்ட அம்மா, மனுவோடு வந்து நின்றாள். சொந்தத் தையல் மிஷின் போன மாதம் விலைபோய்விட்டது. தொகை வராவிட்டால் அடுத்தது குட்டிம்மாவின் சக்கர நாற்காலிதான்.

"நீங்க தூங்குவீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் கண் அசருவேன் சார்."

"அப்போ அது பகுதிநேரம் ஆயிடுதே. பகுதிநேரத்துக்குத் திட்டம் இல்லை."

"சரி, தூங்குறதே இல்லைன்னு எழுதிக்கோங்க."

தூங்காதவருக்கு உடல்தகுதி இராது, தகுதியற்றவரிடம் குழந்தையை ஒப்படைக்க விதியில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். நல்ல மனிதர். வருத்தப்படாமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

கடைசியில் அவரே வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், மனுதாரரின் நடவடிக்கையில் குறுக்கிடக் கூடாது என்பவை ஆய்வு விதிகள். காலை பத்து மணிக்கு அம்மா கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, துண்டு எடுக்க உள்ளே போனாள். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். பத்து வருடத் தூக்கம் ஆளை அப்படியே சாய்த்துவிட்டது.

எழுப்பினால் குறுக்கீடு. குட்டிம்மாவோ வாயைத் திறந்து காத்திருந்தாள். ஊட்டினார். பாதியை அவர் சட்டையில் துப்பிவிட்டுச் சிரித்தாள். திருப்பிப் படுக்கவைத்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு அம்மா பதறியடித்து ஓடிவந்தபோது, அவர் குட்டிம்மாவுக்குக் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பு ஒருவருக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

நேர்மையானவர் என்பதால் கண்டபடியே எழுதினார்: 'மனுதாரர் உறங்கினார். குழந்தையை முழுநேரமும் பராமரித்தவர் ஆய்வாளர்.'

மறுவாரமே மேலிடத்து ஆணை வந்தது. மனு தள்ளுபடி. உதவித்தொகை ஆய்வாளருக்கு. முழுநேரப் பராமரிப்பாளர் வேறு வேலை பார்க்கக் கூடாதாகையால் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

ஆணையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். "இந்தத் தொகையில மனுஷன் எப்படிம்மா பிழைக்கிறது?"

"எனக்கு அது போதும்னு உங்க அரசாங்கம்தானே சார் முடிவு பண்ணிச்சு? உள்ள வாங்க, ஊட்டுற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடி தையல் கடைக்குக் கிளம்பினாள்.

பத்து வருடமாக அவளைச் 'சும்மா வீட்டில் இருக்கிறவள்' என்று சொன்ன தெரு, ஒரே வாரத்தில் அவரைப் பார்த்து உருகியது. பாவம், தனி ஆளாக எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று பாராட்டு விழா எடுக்கவும் முடிவு செய்தது. விழா நேரத்தில் குட்டிம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவர் கேட்டார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.