முதல் துவைப்புக்கு முந்தைய வேட்பாளர்

காலில் விழும் வேட்பாளரைப் பார்த்திருப்பீர்கள். காலை வாரும் வேட்பாளரையும் பார்த்திருப்பீர்கள். இப்போது கல்லூரிகளில் புதிதாக ஓர் இனம் உருவாகியிருக்கிறது: ரீல்ஸ் வேட்பாளர். இவரைச் சாதாரண வேகத்தில் யாரும் கண்டதில்லை. எங்கேயும் மெதுவாகத்தான் நடந்து வருவார். காற்றே இல்லாத நாளிலும் இவர் முடி பறக்கும். சட்டென்று திரும்பிப் பார்ப்பார், ஆனால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மரக்கன்று நடுவார், அதே கன்றைப் பிடுங்கி இன்னொரு கோணத்தில் மறுபடி நடுவார், வெளிச்சம் சரியில்லையென்றால் மறுநாளும் நடுவார். கன்றுக்குத்தான் எங்கே வேர் விடுவதென்று தெரியாது.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் முனீஸ் இந்த இனத்துக்கு நல்ல சாம்பிள். இன்ஸ்டாகிராமில் அவனைப் பின்தொடர்பவர்கள் பதினோராயிரத்து நானூறு பேர். மாணவர் பேரவைத் தேர்தல் அறிவித்த அன்று அவன் ஒரு கணக்குப் போட்டான். பத்துப் பேரில் ஒருவர் ஓட்டுப் போட்டாலே ஆயிரத்து நூற்று நாற்பது. கணக்கில் தப்பில்லை. கல்லூரியில்தான் மொத்தமே தொள்ளாயிரத்து அறுபது பேர். மீதிப் பேரெல்லாம் யார்? உசிலம்பட்டிச் சொந்தக்காரர்கள், அவன் ஆடிய ஒரு பாட்டுக்காக வந்து சேர்ந்த ஒடிசா டெய்லர்கள், துபாயில் ஒரு செல்போன் கடை.

ஆனால் அவன் ஜெயித்தே ஆக வேண்டும். அவன் அம்மா சித்ராதேவி ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வந்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்ப்பவள். மகன் நிற்கிறான் என்று தெரிந்ததுமே ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள். அவளோடு செக்கிங் மேஜையைச் சுற்றி நிற்கும் பதினெட்டுப் பெண்களும் இப்போதே அவளைத் 'தலைவரம்மா' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் தேங்காய் பன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் முனீஸ். அவன் தோற்றால் அந்த மேஜையில் அவள் எந்த முகத்தோடு நிற்பாள்? இந்தக் கேள்வி அவனுக்கு அவ்வப்போது வரும். வந்ததும் ஒரு ரீல் போட்டுவிடுவான், கேள்வி போய்விடும்.

எதிர்த்து நின்றவள் ஊத்துக்குளியிலிருந்து வரும் கீர்த்தனா. அவளைப் பின்தொடர்பவர்கள் எண்பத்து மூன்று பேர். பாதிப் பேர் அத்தை, சித்தி. கல்லூரிப் பேருந்து நாலு பத்துக்குக் கிளம்பிவிடும், லேப் நாலு இருபதுக்குத்தான் முடியும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஊத்துக்குளி, குன்னத்தூர் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ரோட்டில் நிற்பார்கள். கீர்த்தனா வகுப்பு வகுப்பாகப் போய், "ஏனுங்க, நீங்க எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான் பிரசாரம். ஒரு பெண் நோட்டில் எழுதுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

முனீஸிடமும் முதலாண்டு மோனிஷா கேட்டாள்.

"அண்ணா, அந்த நாலு பத்து பஸ்ஸுக்கு என்னங்ணா பண்ணுவீங்க?"

"சூப்பர் கேள்வி. கமென்ட்ல போடுங்க நண்பா, கண்டிப்பா ரிப்ளை பண்றேன்."

"நேர்லதானுங்ணா நிக்கிறேன்."

"அப்ப இதையே கேமராவப் பாத்துக் கேளுங்க. கவின், எடுடா."

மோனிஷா மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை அருமையாக வந்தது. பதிலை எடுப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

போன் பிடித்த கவின்தான் முனீஸின் நண்பன், ஆலோசகன், ஒளிப்பதிவாளன் எல்லாம். அவன் மாமா பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். முந்நூறு டி-சர்ட், நெஞ்சில் முனீஸின் முகம், கீழே 'மாற்றம்' என்று ஒரே ஒரு சொல். செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து போன் வந்தது.

"க்யூரிங் பண்ண நாளைக்கு ஆகுமாம்டா," என்றான் கவின். பிரிண்ட் அடித்த துணியைச் சூடான மெஷினுக்குள் விட்டு எடுத்தால்தான் படம் துணியில் பிடிக்கும்.

"இன்னைக்கு சாயங்காலம் ரீல் போகணும். அப்பிடியே குடுக்கச் சொல்லு."

வீட்டில் அம்மா ஒரு டி-சர்ட்டைக் கையில் எடுத்தாள். மகன் முகத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், தொங்கிய நூலைப் பிய்த்தாள், பிறகு வெளிப்பக்கம் திருப்பி மகனுடைய மூக்கை நகத்தால் சுரண்டினாள்.

"வாஷ் டெஸ்ட் பாத்தியாடா?"

"துவைக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டுப் போட்ருவாங்கம்மா."

வேறு ஊராக இருந்தால் இந்தத் திட்டம் பலித்திருக்கும். இது திருப்பூர். டி-சர்ட் வாங்கிய முந்நூறு பேரும் டெய்லர் பிள்ளைகள், செக்கிங் பிள்ளைகள், மிஞ்சினால் முதலாளி பிள்ளைகள். முந்நூறு பேரும் முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பினார்கள். விரலால் தேய்த்தே துணியின் கனத்தைச் சொன்னார்கள். "நூத்தி நாப்பது ஜிஎஸ்எம்கூட வராதுங்க." "ஓவர்லாக் தையல லூசா அடிச்சிருக்கறாங்க." புதுத் துணி என்னென்ன தொட்டியில் முங்கி எழுந்து வந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைத் துவைக்காமல் உடம்பில் போடுவார்களா? முந்நூறு வீட்டிலும் அன்றைக்கே நனைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட நின்ற வரிசையில் முழு முகமுள்ள முனீஸ் ஒருவன்கூட இல்லை. ஒரு நெஞ்சில் ஒற்றைக் கண். இன்னொன்றில் மீசை மட்டும் ஆள் இல்லாமல் நின்றது. மோனிஷாவின் டி-சர்ட்டில் முனீஸ் முழுதாகக் காலி. 'மாற்றம்' மட்டும் தெளிவாக இருந்தது. எல்லார் கையிலும் போன் எழுந்தது. மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது.

"மச்சி, உன் ஃபாலோயர்ஸ் பதினாலாயிரம் தாண்டிருச்சுடா," என்றான் கவின்.

முனீஸ் சிரித்தான். அந்த ஒரு நிமிடம் மனதாரவே சிரித்தான்.

மூன்று மணிக்கு எண்ணினார்கள். கீர்த்தனா ஐந்நூற்று எழுபத்தொன்று. முனீஸ் இருநூற்றுப் பதினாலு. ஓசியில் டி-சர்ட் வாங்கியவர்களே முந்நூறு பேர்.

சாயங்கால டீ நேரத்தில் அவன் கம்பெனி வாசலுக்குப் போனான். வாழ்க்கையில் முதல் முறையாகச் சாதாரண வேகத்தில் நடந்தான். அதுவே அவனுக்கு ஓடுவது போலிருந்தது. டீக்கடையில் பதினெட்டுப் பெண்களும், நடுவில் பன் பையோடு அம்மாவும் நின்றார்கள்.

"தோத்துட்டேன்மா."

அம்மா பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"எத்தன ஓட்டுடா?"

"இருநூத்திப் பதினாலு."

"அம்புட்டுப் பேருக்கு உன்னய நேர்ல தெரியுமா?"

அம்மாவைக் கமென்டில் போடச் சொல்ல முடியாது.

பக்கத்தில் நின்ற மருதாள்தான் சமாளித்தாள். "விடு கண்ணு. மிச்ச பனியன் கெடக்குதா? மெஷின் தொடைக்க ஆகுமுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு, "வாங்கியாச்சு, தின்னுங்க," என்று பன்னைக் கொடுத்தாள். முதல் பன் முனீஸுக்கு. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தின்றான்.

திருந்திவிட்டான் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரம் கீர்த்தனா நோட்டோடு கல்லூரி முதல்வரைப் பார்த்தாள். பேருந்து நாலரை வரை நின்றது. நின்ற பேருந்தின் முன்னால் முனீஸ் மெதுவாக நடந்து வந்தான். முடி பறந்தது. 'நம்ம கோரிக்கை வென்றது' என்று எழுதிப் போட்டான். ஒன்பதாயிரம் இதயங்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அந்த ஒன்பதாயிரத்தில் உங்களுடைய இதயம் ஒன்று இல்லையென்று உறுதியாகச் சொல்வீர்களா? போகட்டும். உங்கள் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறீர்களே, கழுத்தை லேசாகச் சாய்த்து, எங்கேயோ தூரத்தில் பார்ப்பது போல ஒரு படம். அது எத்தனையாவது டேக் என்று நான் கேட்க மாட்டேன். ஒரு முறை துவைத்துப் பார்த்தீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.