இட்லிக் கடைக்கும் தண்ணீர் லாரிக்கும் பாயிண்ட் ஒன்பது

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நின்று ஒரு கல்லை விட்டெறிந்தால், அது யார் தலையில் விழுந்தாலும், அந்தத் தலைக்கும் கல்லுக்கும் வெகுநாள் தொடர்பு உண்டு என்று கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பாயிண்ட் எட்டுதான்.

இயற்பெயர் ஏதோ இருந்தது. எங்கள் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவருக்கு ஒரு சர்வே கம்பெனியில் வேலை. ஜனங்கள் என்ன சோப்பு போடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று ஆட்கள் வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். அந்தப் பதில்களில் எது எதோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்த்துச் சொல்வது இவர் தொழில். தொழிலை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருகிற நல்லவர்கள் உலகத்தில் உண்டு. இவர் வீட்டுக்கும் தூக்கி வருவார். ஒருநாள் லிஃப்டில் இருவரும் மாட்டிக்கொண்டோம். நான் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, இருட்டில் அவர் குரல் குதூகலமாக ஒலித்தது.

"செக்ரட்டரியோட மாமியார் வர்றதுக்கும் லிஃப்ட் நிக்கறதுக்கும் பாயிண்ட் எட்டு சார்!"

அந்தப் பாயிண்ட் எட்டு என்றால் என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ரெண்டு விஷயம் எவ்வளவு ஒத்துமையா போகுதுன்னு அளக்கற நம்பர் சார். ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கினா ஒண்ணு. சம்பந்தமே இல்லேன்னா ஸீரோ. ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணு இறங்கினா மைனஸ்."

"மைனஸுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

"நான் பேசற நேரமும், எதிர்ல உக்காந்திருக்கறவங்க எண்ணிக்கையும்."

லிஃப்டில் இருந்ததால் என்னால் அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியவில்லை.

என் குடும்பத்திலும் அவர் விளையாடியிருக்கிறார். 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று நான் வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கும் நேரத்தையும், நிஜமாக எழுதி முடித்த பக்கங்களையும் என் மனைவியிடம் கேட்டு வாங்கிப் பத்து நாள் குறித்தார். மைனஸ் பாயிண்ட் ஆறு என்று வந்தது. என் மனைவி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அன்றிலிருந்து வெங்காயம் நறுக்குவது நான்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் வாழ்க்கையில் ஒரு கோடைகாலம் வந்தது. எங்கள் கிணறு வற்றி, தினமும் காலை ஆறு மணிக்கு வரும் தண்ணீர் லாரியை நம்பித்தான் பன்னிரண்டு குடும்பமும் பல் தேய்த்தது. சில நாள் லாரி வராது. டிரைவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் எதுவும் நடக்காத மாதிரி வந்து நிற்பார். செக்ரட்டரி நொந்துபோய்ப் பாயிண்ட் எட்டிடம் வந்தார். "ஏதாவது கணக்குப் போட்டு, என்னிக்கு வராதுன்னு சொல்லுங்களேன்."

யானைக்குக் கரும்புத் தோட்டத்தின் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வாட்ச்மேனின் கேட் நோட்டை வாங்கிக்கொண்டு மனிதர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. லாரி வராத நாட்களைக் கரண்ட் கட்டோடு பார்த்தார், பால் திரிந்த நாட்களோடு பார்த்தார், எதிர்வீட்டு நாய் குரைப்பதோடுகூடப் பார்த்தார். மூன்றாம் நாள் பல் தேய்க்காமலே படியில் குதித்து இறங்கி வந்தார். அதற்குள் வாட்ஸப் குரூப்பில் செய்தி போயிருந்தது: 'மேரி அக்கா இட்லிக் கடை மூடும் நாளில் லாரி வருவதில்லை. பாயிண்ட் ஒன்பது!!!'

மேரி அக்கா எங்கள் கேட்டை ஒட்டித் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். மாதத்தில் சில நாள் லீவு போடுவார்.

'இது நம்பர்தான், காரணம் அல்ல' என்று பாயிண்ட் எட்டு அடுத்த நிமிடமே இன்னொரு செய்தியும் போட்டார். அதை யார் படித்தார்கள்? முதல் செய்திக்குக் கும்பிடு போட்டே எல்லோருக்கும் கை வலித்துவிட்டது.

செக்ரட்டரி நேராக வண்டிக்குப் போனார். "மேரி, நீ லீவு போட்டா லாரி வரமாட்டேங்குது. இனிமே லீவே போடக்கூடாது."

"இன்னா சார் பேஜார் பண்ற? லாரி இன்னா என் அத்தை புள்ளையா, நான் நின்னா வர்றதுக்கு?"

"கணக்கு சொல்லுது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணப்போறோம். லீவு போடாம கடை வெக்கற ஆளுக்குத்தான் இந்த இடம்."

மேரி அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பதினைந்து வருடமாக அவர் நிற்கும் இடம் அது. "சில நாளு போயே ஆவணும் சார்," என்றார் மெதுவாக. எங்கே என்று செக்ரட்டரி கேட்கவில்லை. நானும் பக்கத்தில்தான் இட்லி தின்றுகொண்டிருந்தேன், நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை லீவு போடவேண்டியவர், பயந்துபோய்க் கடை திறந்தார். அபார்ட்மென்ட்டே குளிக்காமல் கீழே திரண்டு நின்றது. மணி ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, லாரி வரவில்லை.

"சாம்பார் இல்லியே. இது முழுக்கடை ஆகாதே," என்றார் செக்ரட்டரி. சாம்பார் வந்தது, லாரி வரவில்லை. வியாபாரம் சூடுபிடித்தால் வரலாம் என்று மூன்றாவது மாடிக்காரர் பதினோரு இட்லி சாப்பிட்டார். லாரி வரவில்லை, அவருக்குத்தான் விக்கல் வந்தது. குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

இதற்கிடையில் மேரி அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கண் கலங்கியிருந்தது. இதை முதலில் பார்த்தவர் பாயிண்ட் எட்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"அக்கா, லீவு நாள்ல நீங்க எங்க போவீங்க?"

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா? சேலையூர்ல கல்யாண மண்டபத்துல தோசை கவுன்ட்டரு. முகூர்த்த நாளுன்னா வந்துரணும், இல்லாங்காட்டி வேற ஆள வெச்சுருவாங்கோ. இன்னிக்கு முகூர்த்தம், நான் இங்க நின்னுகினு கீறேன்."

பாயிண்ட் எட்டு தலையில் பளாரென்று அடித்துக்கொண்டார். "முகூர்த்தம்!"

அடுத்த நிமிடம் மேரி அக்காவும் அவரும் நானும் ஒரே ஆட்டோவில் இருந்தோம். மண்டபத்தின் பின்வாசலில், தொட்டிக்குள் ஹோஸ் பைப்பை விட்டுவிட்டு, சாட்சாத் எங்கள் லாரி நின்றது. டிரைவர் இலை போட்டுப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முகூர்த்தம்னா மண்டபத்துக்குத்தான் சார் மொத லோடு. நீங்க திட்டுவீங்கோன்னுதான் போன அணைச்சு வெச்சுகினேன்."

மேரி அக்கா அதற்குள் ஓடிப்போய்த் தோசைக்கல் முன் நின்றுவிட்டார். மண்டபத்துச் சூப்பர்வைசர் கத்த வாயைத் திறந்தார். பாயிண்ட் எட்டு குறுக்கே புகுந்து, "தப்பு என்னுது சார்" என்று ஆரம்பித்து, ஒன்று, ஸீரோ, மைனஸ் என்று விளக்கத் தொடங்கினார். இரண்டாவது நிமிடத்தில் சூப்பர்வைசர் பந்திப் பக்கம் ஓடிவிட்டார். மைனஸ் கணக்கு வேலை செய்து நான் பார்த்த ஒரே நல்ல காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பாயிண்ட் எட்டு எழுந்தார். கையில் கிராஃப் தாள் இல்லை.

"ரெண்டும் சேர்ந்து நடக்குதுன்னு சொன்னேன். நடத்தறது மூணாவது ஒண்ணுன்னு தெரியல. எங்க கம்பெனியில அதைத்தான் முதல்ல தேடுவோம். இங்க அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்காம விட்டது நான். அவங்க இடத்துல கைவெச்சீங்கன்னா நான் வீட்டைக் காலி பண்ணிடறேன்."

செக்ரட்டரி யோசித்தார். "அப்போ முகூர்த்தத்தை நிறுத்தச் சொல்லி யார்கிட்ட மனு கொடுக்கணும்?" என்றார். ஒருவழியாகப் புரியவைத்து, முகூர்த்தத்துக்கு முந்தின நாளே தொட்டியை நிரப்பிக்கொள்வது என்றும், மேரி அக்கா இஷ்டப்படி லீவு எடுக்கலாம் என்றும் முடிவாயிற்று.

அப்படியும் பாயிண்ட் எட்டுக்கு மனசு ஆறவில்லை. மேரி அக்காவின் இடம் காலியாகக் கிடந்தால் வேறு வண்டி வந்து நின்றுவிடும் என்று, முகூர்த்த நாட்களில் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, ஆபீஸ் போகும்வரை உட்கார்ந்திருப்பார். இட்லி கேட்டு வருபவர்களிடம், "அக்கா நாளைக்கு வருவாங்க" என்பார். நான் மாடியிலிருந்து பார்த்துக் கிண்டல் செய்வேன்.

போன மாதம் ஆபீஸுக்குப் பக்கம் என்று கேளம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார். அதற்கப்புறம் வந்த முதல் முகூர்த்தத்தன்று காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தேன்.