மொனிட்டர் உம்மாவும் ஒரு துண்டுத் தொதலும்

புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு கேள்வியைக்கூட விடாமல் பதில் சொன்ன மாணவி மொனிட்டர் உம்மா ஒருவர்தான். இதில் ஒரேயொரு சின்னச் சிக்கல். அவர் மாணவியே அல்ல, என் மாணவன் சப்ரானின் தாய்.

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஒன்லைன் வகுப்பு நடத்தினோம். நான் உடப்பில் என் வீட்டு மேசையில் இருந்து படிப்பிப்பேன். கற்பிட்டி, சிலாபம் என்று பிள்ளைகள் அவரவர் வீட்டுப் போனில் வந்து சேர்வார்கள். சப்ரானின் ஊர் தில்லையடி. பதினேழு வயது. கைகால் அவன் சொல்வதை உடனே கேட்காது. பேச்சும் மெல்ல, ஆறுதலாகத்தான் வரும். ஆனால் வரும். அதற்குள் உம்மா வந்துவிடுவார் என்பதுதான் பிரச்சினை.

முதல் நாள், “சப்ரான், உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டேன். திரையில் அவனுடைய ஒரு காது தெரிந்தது. மீதி இடம் முழுக்க உம்மாவின் முகம்.

“மகனுக்கு இறால் எண்டா உசிரு டீச்சர். கணவாய் ஒத்துக்காது. சின்னதில ஒருக்கா தின்னு, ஆஸ்பத்திரி மட்டும் போய் வந்த.”

கணவாய்க் கதை முடிய வகுப்பும் முடிந்தது.

கணக்கோ, சுகாதாரமோ, கேள்வி என் வாயைவிட்டு வெளியே வருமுன் பதில் வந்துவிடும். பாராட்டாக நான் காட்டும் நட்சத்திரத்தை ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் சண்டை. கற்பிட்டிப் பெடியன் ஒருவன் கொட்டாவி விட்டால், “யா புள்ள, முகத்தக் கழுவிட்டு வா!” என்று வகுப்புத் தலைவர்போல அதட்டுவார். அவனும் எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவான். மொனிட்டர் உம்மா என்ற பெயரை வைத்தது அவன்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவர் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தினேன். அடுத்த நிமிடமே என் மற்றப் போன் அடித்தது.

“டீச்சர், என்ட சத்தம் உங்களுக்குக் கேக்குதில்ல போல. நெட்வேர்க் சரியில்ல. பரவால்ல, விடைய இதில சொல்றேன், எழுதிக்கோங்க.”

சிலாபத்து மேரிக்குக் காது கேட்காது. சைகையில்தான் கதைப்பாள். உம்மா அவளைப் பார்த்துப் பார்த்தே சைகை பழகி, பாடத்தின் நடுவில் அவளிடம் ‘இன்றைக்கு என்ன கறி’ என்று விசாரிக்கத் தொடங்கினார். சைகையை நிறுத்தப் பொத்தான் கிடையாது.

கடைசி நாள் நெருங்கியது. கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றின் பொறுப்பாளரான மேடம் ஒருவர் அன்று வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு கதைப்பதாக ஏற்பாடு. தானே பதில் சொல்லும் பிள்ளைக்குத்தான் இடம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சப்ரானுக்கு அந்த இடம் வேண்டும். ஒற்றை விரலால் தட்டி எனக்குச் செய்தி அனுப்பினான்: ‘உம்மாவக் கதைக்க விடாதீங்க டீச்சர்.’

நான் உம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன்.

“அல்லா மேல ஆணை, வாயத் தொறக்க மாட்டேன். ஒரு துண்டு தொதல வாயில போட்டுக்கிட்டே இரிக்கேன் டீச்சர்.”

நல்ல யோசனைதான். தொதல் பசைபோன்ற இனிப்பு, பல்லில் ஒட்டிக்கொண்டால் சட்டத்தரணிகூட வாதாட முடியாது.

அன்று திரையில் சப்ரானின் முழு முகத்தையும் முதன்முதலாகக் கண்டேன். பக்கத்தில் ஒரு கன்னம் வீங்கிய உம்மா.

“ஏன் எங்களிட்டப் படிக்க விரும்புறீங்க?” என்று மேடம் கேட்டார்.

“நா...” என்று சப்ரான் தொடங்கினான். சொல் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். உம்மாவின் தாடை அசுர வேகத்தில் வேலை செய்தது. கண் கலங்கியது. மடக்கென்று ஒரு விழுங்கல். தொதல் போய்விட்டது.

“அவருக்குச் சின்னதில இருந்தே...”

சப்ரானின் கை எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி, உம்மாவின் மூக்கில் ஒருதரம் முட்டி, கடைசியில் அவர் வாயைப் பொத்தியது.

“உம்மாட... சத்தம்... இல்லாத... எடத்தில... படிக்கோணும்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மேரிக்கு யாரோ சைகையில் சொல்ல, அவளும் சிரித்தாள். மகனின் கை வாயைப் பொத்தியிருக்க, உம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடம் கிடைத்துவிட்டது.

போன கிழமை உம்மா போன் எடுத்தார். குரலில் பெரிய குறை.

“டீச்சர், மகன் அங்க கிளாஸில ஒரு கேள்வி கேட்டாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம். என்ன கேட்டீங்க மகன் எண்டா, சிரிக்கிறார், சொல்றாரில்ல. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்களே.”

கேட்டுப் பார்த்தேன். அவன் எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உம்மாவுக்குப் போன் எடுத்திருப்பேன். அந்த மனுஷியிடம் எதையும் ஒளிக்க எனக்கு மனம் வராது.