டீக்குக் கூப்பிட்டது என் தப்புதான்

ஆல்டர்விக், நார்ஃபோக்
வியாழன், ஜூன் 1986

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

உன் தம்பி நெவில் எழுதுவது. முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓய்ந்துவிட்டது. உன் மாடியறையைக் காலி செய்து வை. வீட்டை விற்றுவிட்டு அடுத்த மாதம் அங்கேயே வந்துவிடுகிறேன்.

நம் ஊரில் சத்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி மட்டும்தான். யாரோ ஒரு புண்ணியவான் நம் பழைய போர் விமானத் தளத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினாலும் எழுதினான், தினமும் யாராவது என் கதவைத் தட்டுகிறார்கள். "ஓடுபாதை எங்கங்க இருக்கு?" "நீங்க நிக்கிறதுதாங்க." ஓடுபாதை இருந்த இடத்தில் பீட்ரூட் வயலைப் பார்த்து முகம் சுருங்கி, அடுத்து கழிப்பறை எங்கே என்பார்கள். செவ்வாய்க்கிழமை வெர்னன் என்று ஓர் அமெரிக்கர், அறுபதைத் தாண்டியவர், கேட்காமல் கொள்ளாமல் என் கோழிக்கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். அது போரின்போது விமானப் படையினர் படுத்த தகரக் கொட்டகை என்பது உனக்கு நினைவிருக்கும். அடைகாக்கும் கோழியைக் காட்டி, "என் கட்டில் இங்கதான் தம்பி இருந்துச்சு" என்றார். வழியனுப்பும்போது, "ஒருநாள் அவசியம் டீக்கு வரணும்" என்றேன். நம் ஊரில் அதற்குப் போய்வாருங்கள் என்றுதானே அர்த்தம்! மனுஷன் மறுநாளே, சரியாக நாலு மணிக்கு, கூட வந்த சுற்றுலாக்காரர்கள் முப்பது பேரையும் பஸ்ஸோடு கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். வீட்டில் இருந்ததோ பாதி கேக். பக்கத்து வீட்டு டோரிஸிடம் கோப்பை கேட்டு ஓடினேன். "கூப்பிட்டது நீதானே? அனுபவி" என்று சொல்லி ஏழே ஏழு கொடுத்தாள். மிச்சப் பேர் ஜாம் பாட்டிலில் குடித்தார்கள். ஒரு அம்மாள் முட்டைக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். போதும் அக்கா, என்னால் முடியாது.

ஜெரால்டு அத்தானை மிகவும் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் நல்ல சுகத்தோடு வைக்கட்டும்.

உன் களைத்துப்போன தம்பி,
நெவில்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது வெர்னன் மறுபடி வந்தார். இந்தமுறை தனியாக, கையில் ஒரு முழு கேக்கோடு. கொட்டகையில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த ஐந்து பேரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒருநாள் இவங்க விமானத்துல சண்டைக்குக் கிளம்பினப்போ எனக்குக் காய்ச்சல், நான் போகல. சாயங்காலம் டீக்கு வந்துருங்கடான்னு சொல்லி அனுப்பினேன். ஒருத்தனும் வரல. அதுலேர்ந்து யாரு டீக்குக் கூப்பிட்டாலும் நான் போயிடுவேன் தம்பி" என்றார். நான் அழுதுவிட்டேன். மாடியறையைக் காலி செய்யாதே, அக்கா. உன்னிடம் இருக்கும் அந்தப் பெரிய டீ கெட்டிலை மட்டும் அனுப்பி வை.