நாலு நிமிடப் பேய்

"சாவியை எடுத்த பெறவும் ஃபேன் ஓடும். பயந்துராதீங்க."

"சாவி இல்லாம யாரு ஓட்டுதா அதை?"

"எஞ்சின் கம்ப்யூட்டர். தண்ணி எம்புட்டுச் சூடுன்னு இந்த சென்சார் அதுக்குச் சொல்லும். சூடு இறங்கினதும் தானா நிறுத்தீரும். நாலு நிமிசம்."

"இந்த வயரைக் கழட்டினா?"

"சூடு தெரியாமப் போயிரும். தெரியலேன்னா அதுக்குப் பயம். எஞ்சின் வெந்துறக் கூடாதேன்னு ஃபேனை நிறுத்தாம ஓட்டும். பெறவு... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இன்னொரு நாள் கேக்குதேன்."

எட்டு மாதங்களுக்கு முன்னால், திருநெல்வேலி டவுணில் ஒரு பட்டறை வாசலில் நடந்த பேச்சு இது. கேட்டவள் டாக்சி ஓட்டும் சுகன்யா. சொன்னவன் கார் எலக்ட்ரீசியன் பெருமாள்ராஜ். அதற்குப் பிறகு, "ஹாரன் நல்லா அடிக்குதா?" என்று மட்டும் அவன் ஐந்து முறை போன் செய்துவிட்டான். அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

இதற்குள் பாபநாசம் சாலையில் ஒரு சாமி முளைத்துவிட்டார். பெயர் மூச்சுச் சாமி. மனிதர்களின் பேயை ஓட்ட ஏற்கெனவே ஆட்கள் அதிகம். போட்டியில்லாத துறையாகப் பார்த்துக் கார்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

உச்சி வெயிலில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, எங்கும் நிற்காமல் மேடேறி அவர் கொட்டகைக்கு வர வேண்டும். வந்த சூட்டிலேயே எஞ்சினை அணைத்து, சாவியைத் தாம்பாளத்தில் போட வேண்டும். உள்ளேயிருந்து 'ஹோ'வென்று மூச்சு கேட்கும். சாவி தட்டில், மூச்சு வண்டியில்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சாமி வேப்பிலையால் பானெட்டை அடிப்பார். ரேடியேட்டர் மேல் ஒரு குடம் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றுவார். நாலு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். கொதித்த எதையும் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கலாம் என்பது, காப்பி ஆற்றிக் குடிக்கும் அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் மறந்துவிடும்.

"எங்க வண்டிப் பேயி அஞ்சரை நிமிசம் தாக்குப் பிடிச்சுதுல்லா!" என்று ஓர் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்துவார். மூன்றே நிமிடத்தில் பேய் இறங்கிய வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சின்னப் பேய் என்றால் அன்றே ஓட்டிவிடுவார். பெரிய பேய் என்றால் வண்டியே சாமியிடம் தங்கிவிட வேண்டும். தங்கிய வண்டி எதுவும் திரும்பியதில்லை. வண்டி எவ்வளவு புதிதோ பேய் அவ்வளவு பெரிது என்ற கணக்கு மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

சுகன்யாவின் அப்பா முத்துமாலை, முக்கூடல் வீட்டு வாசலில், அணைத்த வண்டி மூச்சு விடுவதைக் கேட்டவர். கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. போய்ச் சாமியைப் பார்த்தார். "பெரிய பேய். வண்டியை விட்டுரணும். வண்டிக்கு வயர் வேலை பார்த்தவனையும் கூட்டிட்டு வா" என்று உத்தரவாயிற்று.

"அப்பா, அது நாலு நிமிசத்துல தானா நின்னுரும்."

"அதைத்தானே ஏளா சாமியும் சொல்லுதாரு, நாலு நிமிசத்துல நிறுத்துவேன்னு!"

"வண்டியக் குடுத்துட்டு எதை வச்சுப் பொழைக்க?"

"வண்டி போனாப் போவுது. எனக்குப் பிள்ளை வேணும்லா."

அப்படிச் சொல்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? சுகன்யா வண்டியை எடுத்தாள். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போய் இறங்கினார்கள். வழியில் பெருமாள்ராஜ், "ஹாரன் நல்லா அடிக்குதா?" என்று ஆறாவது முறையாகக் கேட்டான். அந்த ஒன்றை அப்போதும் கேட்கவில்லை.

சாவி தாம்பாளத்தில் விழுந்தது. பானெட்டைத் திறந்தார்கள். மூச்சு 'ஹோ'வென்றது.

"சாமி, ஒரு பேச்சு" என்றாள் சுகன்யா. "இதை நீங்க நிறுத்திட்டா வண்டி உங்களுக்கு. நிறுத்த முடியலேன்னா வண்டி எனக்கு. உங்களுக்கு அடங்காத பேயை நீங்க வச்சு என்ன செய்ய?"

கூட்டம் "சரிதானே வே!" என்றது. சாமி மனதுக்குள் நாலு நிமிடத்தை எண்ணிப் பார்த்துச் சிரித்தார். "ஆகட்டும். வீட்டுப் பொம்பளப்பிள்ளை கையால எலுமிச்சம்பழத்தை எஞ்சின் மேல வையி."

அவள் குனிந்து வலது கையால் பழத்தை வைத்தாள். இடது கை சும்மா இருக்கவில்லை. பட்டறை வாசலில் அவன் காட்டிய வயரைப் பையக் கழற்றிவிட்டது. பார்த்தவன் பெருமாள்ராஜ் ஒருவன்தான்.

நாலு நிமிடம் ஆயிற்று. மூச்சு நிற்கவில்லை. ஒரு குடம் தண்ணீர், அடுத்த குடம், மூன்றாவது குடம். பத்து நிமிடம். வேப்பிலையில் காம்பு மட்டும் மிஞ்சியது. முதலில் கேட்டதைவிடப் பெரிய மூச்சு இப்போது சாமியிடமிருந்து வந்தது.

"பதினஞ்சு நிமிசம்!" என்று பொறாமையோடு முனகினார் அஞ்சரை நிமிட அண்ணாச்சி.

"இது... மலையாளத்துப் பேய். யாராலயும் நிறுத்த முடியாது" என்றார் சாமி.

"நான் நிறுத்துதேன். ஒரு விரல் போதும்." ஃபேன் சத்தத்தை மீறிக் கத்தினாள் சுகன்யா. வயர் முனையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். "சூடு எம்புட்டுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுத வயர் இது. நான்தான் கழட்டினேன். தெரியாததால பயந்து ஓட்டுது. எஞ்சின் எப்பவோ ஆறிட்டு. சொருகுதேன், பாருங்க. நின்னுட்டா, அவங்கவங்க சாவிய எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. உங்க வண்டி மூச்சும் வேப்பிலை இல்லாமத் தானா நிக்கும்."

சாமி கொட்டகையின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தாம்பாளத்தோடு முத்துமாலை நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மகள் சொன்னதைக் காதில் வாங்கியவர் முகம் அது.

"ஓடிராதீரும் சாமி. நின்னு பாரும்" என்றார்.

சுகன்யா குனிந்தாள். சொருகும் இடத்தைக் காட்டப் பெருமாள்ராஜும் குனிந்தான். இரண்டு தலைகளும் பானெட்டுக்குள். வெளியே நாற்பது பேர், உள்ளே இந்தப் பேரிரைச்சல். இதைவிடத் தனிமை வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எட்டு மாதத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் கத்தினான். 'டிக்'கென்று வயர் பொருந்தியது. ஃபேன் நின்றது. பேயற்ற அமைதியில் நாற்பது பேருக்கும் தெளிவாகக் கேட்டது:

"சுகன்யா, என்னையக் கட்டிக்கிடுதியா?"

முத்துமாலையின் கையிலிருந்த தாம்பாளம் 'டங்'கென்று கீழே விழுந்தது.

சுகன்யா நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. தன் சாவியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "இத்தனை பேர் நிக்கீங்க. ஒருத்தராவது யோசிக்கணும்லா?"