பெட்டிக்கு அடியில் ஓர் உருளை

கோல்பர்ன்,
ஜூன் மூன்று நாள் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை.

'சின்னத் தண்டவாளம்' மாத இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திரு. ஹார்டிகன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவி மேவிஸும் பூனையும் நலம். அங்கே தாங்களும், தங்கள் இல்லத்தாரும், சென்ற இதழின் தலையங்கத்தில் தாங்கள் மனமுருகி எழுதியிருந்த தங்கள் இடது முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

நான் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ரேலீன் என்றொரு மாணவி எழுந்து, "சார், ஒரு சாமான் எதுக்குன்னே தெரியாம அதை எப்படி சார் செய்யிறது?" என்று கேட்டாள். முடியாது என்பதை அரைமணி நேரம் விளக்கினேன். கதவு என்ன எடை என்று தெரிந்தால்தான் கீல் செய்யலாம், வாளியில் என்ன ஊற்றுவார்கள் என்று தெரிந்தால்தான் பிடி வைக்கலாம் என்று உதாரணங்களை அடுக்கினேன். ரேலீன் எங்கே இருந்தாலும் சரி, என் பதிலை அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். முடியும். எங்கள் ஊரில் சின்ன அளவில் மாதிரி ரயில் செய்பவர்களின் சங்கத்தில் பல வருஷமாக அதைத்தான் செய்துவருகிறோம்.

எங்கள் சங்கத்தின் கேடயப் போட்டி தாங்கள் அறிந்ததே. இந்த ஊர் நிலையத்திலிருந்து ஒரு காலத்தில் ஓடிய ஆடு ஏற்றும் வேகனை, உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஆளுக்கொன்று செய்துவர வேண்டும். விதி ஒன்றே ஒன்று: படத்தில் இருப்பது வேகனில் இருக்க வேண்டும். அந்தப் படம் எங்கள் கூடத்துச் சுவரில், தேநீர் கொதிகலனுக்கு நேர் மேலே தொங்குகிறது. அந்த வேகனுக்கு இருக்கும் ஒரே புகைப்படம் என்பதால் அதை யாரும் இறக்கக் கூடாது, தொடக் கூடாது என்பது தலைமை நடுவர் லின்ட்சே பேக்ஹவுஸின் ஆணை. அரிய பொருளைப் பாதுகாக்க ஆவி அடிக்கும் இடத்தைவிடச் சிறந்த இடம் எது? ஆகவே நாங்கள் நாற்காலிமேல் ஏறி, மஞ்சள் படிந்த கண்ணாடி வழியாக, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். கீழே கொதிகலன் எங்கள் முழங்காலை வேகவைக்கும்.

போன வருஷம் என் வேகனில் குறையே இல்லை என்று நினைத்துத்தான் மேசைமேல் வைத்தேன். கதவுத் தாழ்கள் ஸ்டேப்ளர் பின்னில் செய்தவை. காற்றுக் குழாய் கிட்டார் தந்தி. இணைப்புச் சங்கிலி மேவிஸின் கழுத்திலிருந்து, அவளுக்குத் தெரிந்தே, பெறப்பட்டது. லின்ட்சே குனிந்து பார்த்தார்.

"வாத்தியாரே, உருளை எங்கே?"

"எந்த உருளை?"

"படத்துல இடது பக்கம் அடியில இருக்கில்ல, கறுப்பா, ஆறு தாங்கியோட? நான்தான் வரைபடமே போட்டு பத்திரிகையில வந்துச்சே, படிக்கிறதில்லையா?"

"படிச்சேன். அது எதுக்கு லின்ட்சே?"

"எதுக்கோ! பிரேக்குக்கான காத்து உருளையா இருக்கும்."

"காத்து உருளைக்கு ஆறு தாங்கி எதுக்குய்யா? இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு?"

"அந்தக் காலத்து ஆளுங்க உறுதியா செஞ்சாங்க வாத்தியாரே. உன்னை மாதிரி கோந்து தடவி ஒட்டல."

கேடயம் வேறு ஒருவருக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் மேவிஸ் காரை ஓட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "வர்ற ஜூன்ல கேடயம் வீட்டுக்கு வரணும் நெவில். வரலைன்னா பின்னறையில இருக்கிற உன் தண்டவாளத்தை எல்லாம் சுருட்டிக் கட்டிடு. அங்க என் தையல் மெஷின் வரும்."

பின்னறை என்பது ஆசிரியர் அவர்களே, ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் மனிதனாக இருக்கும் ஒரே இடம். ஆகவே உருளை தேடப் புறப்பட்டேன். தங்கள் இதழில் லின்ட்சேயின் வரைபடம் வந்த புண்ணியத்தில், கடற்கரைப் பக்கத்து வியாபாரி ஒருவர் அந்த உருளையைப் பித்தளையில் வார்த்து விற்றுக்கொண்டிருந்தார். என் கடிதம் போவதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது வேறு அளவு. அதை மாட்டியதும் வேகன்தான் உருளையோடு இலவசமாக வந்ததுபோலத் தெரிந்தது. சரி, வீட்டில் இல்லாத பொருளா என்று சமையலறைக்குப் போனேன். மிளகை வைத்தால் சுருக்கம் தெரிந்தது. என் இரத்த அழுத்த மாத்திரை சரியான அளவு, ஆனால் சாயம் பட்டதும் கரைந்து, வேகன் அஜீரணம் வந்ததுபோல் நின்றது. என் காது மெஷினின் பேட்டரியை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பெரிது, அதோடு அந்த வாரம் முழுக்க மேவிஸ் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, அதை மட்டும் நஷ்டத்தில் சேர்க்க மாட்டேன். கடைசியில் மேவிஸின் முத்துக் கம்மல் ஒன்று, கழற்றி வைத்த இடத்தில் சும்மா இருந்தது. அளந்தேன். அச்சு அசல். கறுப்புச் சாயம் பூசினேன். ஆறு தாங்கிகளுக்கு, சோபாவில் உதிர்ந்து கிடந்த பூனை மீசை. பூனை எதிரே உட்கார்ந்து, இன்னும் எத்தனை தேவைப்படும் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நெவில், என் கம்மல் ஒண்ணைக் காணோம்."

"எங்கயாவது அடியில இருக்கும், பாரு," என்றேன். உண்மையைத் தவிர வேறெதுவும் நான் சொல்லவில்லை.

நேற்று, சனிக்கிழமை, வேகன்களை மேசையில் வைத்தோம். மேவிஸ் பூதக்கண்ணாடியை வாங்கி என் வேகனை வெகுநேரம் பார்த்தாள். "இந்த உருளையை நான் எங்கயோ பார்த்திருக்கேனே," என்றாள். அப்புறம் தன் காதுமடலைத் தொட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கூட்டம் இருந்ததால் உயிரோடு இருக்கிறேன்.

மாலையில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். லின்ட்சே வெளியே காருக்குள் உட்கார்ந்து, மிஞ்சிய சாஸேஜ் ரோலோடு மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கோப்பைகளைக் கழுவ, மேவிஸ் துணியால் துடைத்து அடுக்கினாள். ஆவியில் ஊறிய கயிறு அறுந்து படம் சரிந்ததும் மேவிஸ் தாவிப் பிடித்தாள். பிடித்தவள், பின்பலகையும் கழன்றிருந்ததால், கண்ணாடியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்தாள். எத்தனையோ வருஷத்தில் அந்தச் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றாத காரியம்.

"நெவில், இங்க வா. உன் உருளை என் துணியில இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஈ. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் நசுங்கி உலர்ந்த ஈ. ஆறு தாங்கிகளும் பத்திரமாக இருந்தன, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. படத்தில் வேகனுக்கு அடியில் அந்த இடத்தில் வெறும் வெயில்தான் இருக்கிறது. மேவிஸ் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து துணியை வாசலில் உதறிவிட்டு, படத்தைப் புதுக் கயிற்றில் மாட்டினாள்.

ஆசிரியர் அவர்களே, தேர்வில் ஒரு பையன் தப்பாக எழுத, பின்வரிசை முழுவதும் அதைப் பார்த்து எழுதும். நான் பார்த்த வகுப்புகளில் அது சகஜம். ஆனால் அந்தத் தப்புக்கு வரைபடம் போட்டு, பத்திரிகையில் வெளியிட்டு, பித்தளையில் வார்த்து விற்று, எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைத்த வகுப்பை நான் நடத்தியதில்லை. ஒரே ஒரு ஈ வந்து உட்கார்ந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நாலு வந்திருந்தால் இன்று நம் வேகன்கள் உருளை பாரத்தில் தடம் புரண்டிருக்கும்.

ஆகவே இக்கடிதத்தை ஒரு வரிகூடக் குறைக்காமல், லின்ட்சேயின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறேன். நாளை முடிவு. உருளை உண்டென்றாலும் இல்லையென்றாலும் லின்ட்சே எனக்குக் கேடயம் தரப்போவதில்லை. பின்னறை போனது போனதுதான். உண்மையாவது மிஞ்சட்டும். தங்கள் வாசகர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: சுவரில் இருக்கும் படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அப்புறம் செய்யத் தொடங்குங்கள்.

தங்கள் முழங்கால் மாடிப்படிகளை மதித்து நடக்கவும், தங்கள் இதழ் தண்டவாளம் மாறாமல் ஓடவும் வாழ்த்தும்,
நெவில் ஸ்பர்வே

பி.கு. (திங்கள் மாலை): மேலே எழுதியதை வெளியிட வேண்டாம். கேடயம் எனக்கு. லின்ட்சே ஒலிபெருக்கியில், "உருளைன்னா இதுதான்யா உருளை! படத்துலகூட இவ்வளவு தெளிவா இல்லை!" என்று சொல்லி என் கையைப் பிடித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அவரை நான் இத்தனை நாள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆழமான மனிதர். படத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் மேவிஸ் கேட்டாள்: "அப்ப பின்னறை?"

"கேடயம்தான் வந்தாச்சே!"

"வந்தாச்சு. ஈயைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் நெவில். மெஷினை ஜன்னல் ஓரமா போடு. துணி வெட்ற மேசையை நடுவுல போடு."

கேடயத்தைத் தையல் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பார்க்க வருவோர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊசிகளை மிதிக்காமல் வரலாம்.

பிறகு ஏன் இதை அனுப்புகிறேன் என்றால், வியாழக்கிழமை சங்கக் கூட்டம். கொதிகலன் பக்கம் எவனாவது அண்ணாந்து பார்ப்பதற்குள் படத்தில் அந்த இடம் நிரம்பியாக வேண்டும். இந்த ஜூன் மாதக் குளிரில் கோல்பர்ன் முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. சிட்னியில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்குமே, தங்கள் அலுவலக ஜன்னல் விளிம்பில் தேடிப் பாருங்கள். நடுத்தர அளவு போதும். தாங்கிகள் ஆறும் இருக்க வேண்டும்.